வெட்டுப்பட்ட அலையின் இசை

1966-இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபஸ் ஃபேஸ்’ என்ற கிட்டார் பெடலைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், திருக இரண்டு குமிழ். மொத்தமே பதினொரு பாகங்கள். ஓட்டுவதற்கு ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையில் காலடியில் வைத்து மிதித்தது இந்த வட்டப் பெட்டியைத்தான். இதே சர்க்யூட்டை இன்று வீட்டு மேசையில் யார் வேண்டுமானாலும் கட்டலாம். எந்தப் பாகம் எதற்கு என்று ஒன்று விடாமல் புரிந்துகொள்ளக்கூடிய கருவிகள் நம் வீட்டில் அதிகம் இல்லை. அதற்காகவே இதை ஒருமுறையாவது கட்டிப் பார்க்க வேண்டும் என்பேன்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகளுக்கு அடியில் காந்தமும், மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய சுருளும் இருக்கின்றன. தந்தி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. சாதாரணமாக மீட்டினால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு இருக்கும். முதல் டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கி இரண்டாவதிடம் கொடுக்கிறது. இரண்டாவது இன்னும் பெருக்கப் பார்க்கிறது. ஆனால் பேட்டரியில் இருப்பதே 9 வோல்ட். அதற்கு மேல் அலை எங்கே போகும்? உச்சி தட்டையாக வெட்டுப்படுகிறது, பள்ளமும் அப்படியே. வளைந்து வந்த அலை கிட்டத்தட்டச் சதுரமாக வெளியே போகிறது.

வெட்டினால் ஏதோ குறைய வேண்டும் என்றுதான் தோன்றும். இங்கே கூடுகிறது. சதுர அலை என்பது ஒற்றைப்படை மடங்கு அதிர்வெண்களின் கூட்டு. 110 ஹெர்ட்ஸில் அதிரும் ஒரு தந்தியை எடுத்துக்கொள்வோம். அலை வெட்டுப்பட்டதும் 330, 550, 770 என்று மேற்சுரங்கள் பலமாக எழுகின்றன. 110-ஐ சட்ஜமாக வைத்தால் 330 மேல் ஸ்தாயிப் பஞ்சமம், 550 அதற்கும் மேலே அந்தர காந்தாரம். தம்புராவின் சட்ஜத் தந்தியில் யாரும் மீட்டாத காந்தாரம் கேட்பதைக் கச்சேரிக்குப் போகிறவர்கள் அறிவார்கள். அதுவும் இதே ஐந்தாம் மடங்குதான். இரண்டு டிரான்சிஸ்டரும் ஒத்த அளவில் வெட்டுவதில்லை. மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வேறுபடுவதால் இரட்டைப்படை மடங்குகளும் கொஞ்சம் சேர்கின்றன. காதுக்கு ‘செழுமை’ என்று படுவதில் அதற்கும் பங்குண்டு.

இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டினால் விஷயம் இன்னும் சுவாரசியம். வெட்டுப்படும் சர்க்யூட் இரு அதிர்வெண்களின் கூட்டலையும் கழித்தலையும் தானாகவே உண்டாக்கும். சட்ஜம் 110, பஞ்சமம் 165. கழித்தால் 55: ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சட்ஜம். கூட்டினால் 275: அந்தர காந்தாரம். எல்லாமே 55-இன் மடங்குகள், ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பஞ்சமத்துக்குப் பதில் காந்தாரத்தைச் சேர்த்து மீட்டிப் பாருங்கள். கிட்டாரின் கட்டைகளில் அது சுமார் 138.6-இல் விழுகிறது, கழித்தால் 28.6, கூட்டினால் 248.6. எதோடும் ஒட்டாத எண்கள், ஒலியும் சேறாகக் குழம்புகிறது. ராக் கிட்டார்காரர்கள் சட்ஜம், பஞ்சமம் மட்டும் கொண்ட ‘பவர் கார்டு’களை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு இந்த எளிய கணக்கு போதும்.

இந்த ஒலி முதலில் ஒரு பழுதாகத்தான் வந்தது. 1961-இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாடலை நாஷ்வில்லில் பதிவு செய்தபோது மிக்ஸிங் மேசையின் ஒரு சேனல் கெட்டு, கிரேடி மார்ட்டினின் பேஸ் கிட்டார் கரகரத்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி பின்னர் அந்தக் கரகரப்பை டிரான்சிஸ்டர்களால் வரவழைத்தார். 1962-இல் கிப்ஸன் நிறுவனம் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ அதை உலகம் முழுக்கக் கேட்க வைத்தது.

அந்தக் காலப் பெடல்களின் உயிர் ஜெர்மானியம். 1947-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த முதல் டிரான்சிஸ்டரே ஜெர்மானியத்தில் செய்ததுதான். நம் நாட்டில் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் 1960-களில் இவற்றைத் தயாரித்தது. பிறகு சிலிக்கான் வந்து இடத்தைப் பிடித்தது, அதற்கு நல்ல காரணமும் இருந்தது. எலெக்ட்ரான் விடுபட்டு ஓட சிலிக்கானில் 1.1 எலெக்ட்ரான்வோல்ட் தேவை. ஜெர்மானியத்தில் ஏறக்குறைய 0.67 போதும். அறையின் வெப்பமே அங்கே நிறைய எலெக்ட்ரான்களை உசுப்பிவிடும். அதனால் மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர் வழியாகவும் மின்னோட்டம் கசிகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் கசிவு சுமார் இரட்டிப்பாகும். 20 டிகிரியில் சரியாகப் பாடிய பெடல் 40 டிகிரியில் நான்கு மடங்கு கசிவோடு திணறும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், பேஸ் காலை எதிலும் சேர்க்காமல் விட்ட ஒரு ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துவிட்டு டிரான்சிஸ்டரின் உலோகத் தொப்பியை இரு விரல்களால் பிடியுங்கள். எண்கள் மெல்ல ஏறத் தொடங்கும். விரலை எடுத்தால் நிதானமாக இறங்கும். உடம்புச் சூடு ஒரு ஜெர்மானியத் துணுக்குக்குள் புகுந்து எலெக்ட்ரான்களை விடுவிப்பதை இவ்வளவு மலிவாகக் காட்டும் சோதனை வேறு எனக்குத் தெரியாது.

பெடலுக்கு டிரான்சிஸ்டர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்தக் கசிவைக் கழிக்காமல் மீட்டரில் தெரியும் பெருக்கத்தை நம்பினால் ஏமாற்றம்தான். கழித்த பிறகு முதலாவதற்கு 70-ஐ ஒட்டியும் இரண்டாவதற்கு 120-ஐ ஒட்டியும் இருக்கும் ஜோடி பொதுவாக நன்றாகப் பேசும். பழைய டிரான்சிஸ்டர்களைச் சுற்றி மந்திரம்போல ஒரு பேச்சு இருக்கிறது, விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. என் தீர்ப்பு: அளந்து தேர்ந்த சாதாரண ஏசி128, அளக்காத அபூர்வ டிரான்சிஸ்டரை வெல்லும்.

கட்டுகிறவர்களுக்குச் சில சொற்கள். ஜெர்மானியம் சூடு தாங்காது. டிரான்சிஸ்டருக்கு சாக்கெட் வைத்து, மற்றதெல்லாம் சால்டர் செய்தபின் செருகுங்கள். ஏசி128 பிஎன்பி வகை என்பதால் பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்டுக்குப் போகும். ஆகவே மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டாதீர்கள். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் உள்ள 8.2 கிலோஓம் ரெசிஸ்டருக்குப் பதில் திருகி மாற்றக்கூடிய ஒன்றைப் போட்டு, அங்கே கிரவுண்டோடு ஒப்பிட்டு 4.5 வோல்ட் வித்தியாசம் வரும்வரை திருகுங்கள். அது பேட்டரியின் பாதி. அலை இருபுறமும் ஏற இறங்க இடம் கிடைக்கும். பிறகு மீட்டரை ஒதுக்கிவிட்டு, கிட்டாரை மாட்டி, உங்கள் காதுக்குப் பிடிக்கும்வரை இன்னும் கொஞ்சம் திருகிப் பாருங்கள்.