சைக்கிள் மிதித்தால் தணியும் கனல்

கபடி ஆடுகையில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவக்கும். தொட்டால் சுடும். வீங்கும். விண்விண்ணென்று வலிக்கும். இதுதான் அழற்சி. இந்த நான்கு அடையாளங்களையும் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமில் செல்சஸ் என்பவர் எழுதிவைத்துவிட்டார்.

காயத்தின் வழியே கிருமி புகுந்துவிடக் கூடாதே! அதனால்தான் அங்கே ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. வேலை முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடும். நாலைந்து நாளில் வீக்கம் வடிந்து, நீங்களும் ஆடக் கிளம்பிவிடுவீர்கள். (பொருக்கை மட்டும் பிய்க்காதீர்கள்.)

ஆனால் வயதானவர்கள் உடம்பில் இதே அழற்சி, காயமும் இல்லாமல் கிருமியும் இல்லாமல், சாம்பல் மூடிய கங்கு போல உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. 2000-இல் இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ பிரான்செஸ்கி இதற்குத் தனிப் பெயரே வைத்தார். பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்ட கிழட்டு செல்கள் சாகாமல் உடம்பிலேயே தங்கிவிடுகின்றன. சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. 'ஆபத்து, ஆபத்து' என்று ரசாயனச் செய்திகளை அனுப்பியபடியே இருக்கின்றன! வயிற்றில் சேரும் கொழுப்பும் அதற்கு ஒத்து ஊதுகிறது. ரத்தக் குழாய் கெடுவதற்கும் தசை மெலிவதற்கும் சர்க்கரை நோய்க்கும் இந்தக் கனலுக்கும் தொடர்பு உண்டு.

அந்தச் செய்திகளில் ஒன்றின் பெயர் இன்டர்லூகின்-6. வேடிக்கை என்னவென்றால், ஓடும்போது நம் தசைகளும் இதையேதான் சுரக்கின்றன. மாரத்தான் ஓடியவர்களின் ரத்தத்தில் இது 100 மடங்குவரை ஏறுமாம். அப்படியானால் ஓடுவது கெடுதலா?

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழுவினர் 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான ஆண்கள் சிலருக்கு பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த பொருளை மிகக் குறைந்த அளவில் ஊசியில் ஏற்றினார்கள். சும்மா இருந்தபோது ஏற்றியதும், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற பொருள் ரத்தத்தில் எகிறியது. இன்னொரு முறை 3 மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அது முடிவதற்குச் சற்று முன் அதே ஊசி. டிஎன்எஃப் ஏறவே இல்லை! சைக்கிளுக்குப் பதில் இன்டர்லூகின்-6 ஏற்றி, அதே ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அதே கதைதான்.

தசையிலிருந்து வரும்போது இன்டர்லூகின்-6 குபீரென்று ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. போகிற போக்கில் அழற்சியை அடக்கும் வேறு பொருட்களையும் கிளப்பிவிட்டுப் போகிறது. முதுமையிலோ கொஞ்சமாக, ஆனால் எந்நேரமும் இருக்கும். டிஎன்எஃப்பும் கூடவே இருக்கும். நன்றாக நடமாடும் முதியவர்களின் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் பொதுவாகக் குறைவு.

அதற்காகத் தாத்தாவை 3 மணி நேரம் சைக்கிள் மிதிக்கச் சொல்லிவிடாதீர்கள்! வேகநடை போன்ற பயிற்சி வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது பெரியவர்களுக்கு. உங்களைப் போன்ற சிறுவர் சிறுமியருக்கு? தினமும் சராசரியாக 60 நிமிடமாவது.