பழைய ரேஞ்ச்பைண்டர் கேமரா வாங்கும் முன்: யானைமலையை வைத்து ஒரு சோதனை

அக்கா மகளின் காதுகுத்துக்கு நான் ஒரு ரோல் பிலிம் எடுத்தேன். குலசாமி கோயில் மண்டபத்தில் அப்பத்தா தண்டட்டி ஆட உட்கார்ந்திருந்தார். கழுவி வந்த நெகடிவில் அவர் முகம் மங்கல். பின்னால் கட்டிய வேப்பிலைத் தோரணம் மட்டும் இலை இலையாகத் தெளிவு. அடுத்த வருடம் அப்பத்தா இல்லை. கேமரா, இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய பழைய ரேஞ்ச்பைண்டர். வாங்கின அன்னைக்கே பத்து நிமிஷம் சோதித்திருந்தால் தப்பு தெரிந்திருக்கும். அந்தப் பத்து நிமிடம் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில், ரேஞ்ச்பைண்டர் என்றால் என்ன? எஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். லென்ஸ் மங்கலாகக் காட்டினால் கண்ணுக்கும் மங்கலாகத் தெரியும். ரேஞ்ச்பைண்டரில் பார்ப்பது வேறு ஜன்னல் வழியாக. கேமராவின் முகப்பில் சற்று இடைவெளி விட்டு இரண்டு ஜன்னல்கள். நம் இரண்டு கண்கள் தூரத்தைக் கணிப்பது மாதிரிதான். லென்ஸைத் திருப்பும்போது உள்ளே ஒரு கண்ணாடியோ பட்டகமோ நகர்ந்து, நடுவில் தெரியும் இரட்டைப் பிம்பம் ஒன்றுசேரும். சேர்ந்தால் போகஸ் சரி. ஆனால் அந்த இணைப்பு கொஞ்சம் விலகியிருந்தாலும் வியூபைண்டர் எல்லாவற்றையும் தெளிவாகத்தான் காட்டும். பிலிமில்தான் மங்கல் விழும். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் தெரியாது!

பிறகு ஏன் இதை விரும்புகிறார்கள்? மேலெழும் கண்ணாடி இல்லாததால் சத்தம் குறைவு, உருவம் சிறிது. ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1950-இல் மதுரையில் எடுத்த புகழ்பெற்ற படம் நினைவிருக்கலாம்: தாயின் கையில் எலும்பும் தோலுமான குழந்தை, பின்னால் வண்டிச் சக்கரம். அவர் கையில் இருந்தது லைக்கா. போகஸுக்கும் காட்சிக்கும் ஒரே ஜன்னல் கொண்ட லைக்கா எம்3 வந்தது 1954-இல்தான். அதற்கு முந்தைய லைக்காக்களில் இரண்டுக்கும் தனித்தனி ஜன்னல்.

சரி, சோதனைக்கு வருவோம்.

ஒன்று, தூரம். லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்து, ஒத்தக்கடைப் பக்கமோ மாட்டுத்தாவணிப் பக்க மொட்டைமாடியோ, யானைமலை தெரியும் இடத்தில் நில்லுங்கள். மலையின் விளிம்பு இரண்டாகத் தெரியக் கூடாது, பக்கவாட்டிலும் சரி, மேலும் கீழும் சரி. அடுத்து, டேப் வைத்து பிலிம் இருக்கும் தளத்திலிருந்து 1 மீட்டரில் ஒரு நாளிதழை நிறுத்துங்கள். எழுத்துகள் ஒன்றுசேரும்போது லென்ஸ் அளவுகோல் 1-ஐக் காட்ட வேண்டும். என் கேமரா இங்கேதான் தோற்றிருக்கும். அபர்ச்சர் 8 அல்லது 11-இல் இந்தக் குறை ஒளிந்துகொள்ளும். அன்று மண்டபத்தில் வெளிச்சம் போதாமல் நான் 1.7-இல் எடுத்தேன். பெரும்பாலும் மெக்கானிக் சரிசெய்யக்கூடிய குறைதான், ஆனால் விலை பேசும்போது தெரிந்திருக்கணும்.

இரண்டு, பூஞ்சை. லென்ஸைத் திறந்து வைத்து பின்பக்கமிருந்து டார்ச் அடியுங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் விட்டுவிடலாம். கண்ணாடிப் பூச்சையே அது அரித்திருக்கலாம்.

மூன்று, மாடலுக்கு மாடல் வரும் நோய்.

யாஷிகா எலக்ட்ரோ 35 (1966-இல் வந்தது): பிலிமை முன்னேற்றும் நெம்புகோலைத் தள்ளும்போது உள்ளே ‘ளொங்க்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே ரப்பர் துண்டு கரைந்துவிட்டது என்று அர்த்தம். பேட்டரி இல்லாமல் ஷட்டர் 1/500-இல் மட்டுமே ஓடும்.

கேனனெட் க்யூஎல்17 ஜிIII (1972): பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கும், லைட் மீட்டருக்கு மட்டும் வேணும். அது கேட்கும் 1.35 வோல்ட் பாதரச செல் இப்போது கிடைக்காது. காதுமெஷினுக்குப் போடும் 675 செல்லை ஒரு வளையம் வைத்துப் பொருத்தினால் மீட்டர் ஏறக்குறைய சரியாகக் காட்டும்.

ஸோர்க்கி, ஃபெட் (சோவியத் தயாரிப்பு): ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் உள்ளே உடையலாம். இவற்றின் மேல் ‘லைக்கா’ என்று பொறித்து, தங்க முலாம் பூசி விற்கும் போலிகள் நிறைய. பளபளப்பைப் பார்த்து ஏமாந்துடாதீங்க.

மீட்டர் செத்த கேமராவும் வீண் இல்லை. நம்ம ஊர் உச்சி வெயிலில் 200 ஐஎஸ்ஓ பிலிமுக்கு அபர்ச்சர் 16, வேகம் 1/250, அவ்வளவுதான். நிழலுக்குப் போனால் அபர்ச்சரைத் திறந்துகொண்டே வரலாம்.

கடைசியாக ஒன்று. எல்லாச் சோதனையிலும் தேறினாலும், முதல் ரோலை முக்கியமான நாளுக்கு வைக்காதீர்கள். தெருவையும் டீக்கடையையும் எடுத்து, கழுவிப் பார்த்துவிட்டு, அப்புறம் வீட்டு மனிதர்களை உட்கார வையுங்கள்.