கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல்

நுழையும்முன்

மேடையில் ஒருவர் பேசுகிறார். முன்வரிசை கைதட்டுகிறது, பின்வரிசையோ தனக்குள் பேசிக்கொள்கிறது. பின்வரிசையினருக்குப் பொறுமையில்லை என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். பெரும்பாலும் அங்கே ஓசை சென்று சேர்ந்திருக்கும். சொல் சென்று சேர்ந்திருக்காது. ஓசையைப் பெருக்குவது எளிது. சொல்லைச் சிதையாமல் கொண்டு சேர்ப்பதற்கே அறிவும் பொறுமையும் வேண்டும். நாம் 'மைக் செட்' என வழங்கும் ஒலியமைப்பை நிறுவிச் சீர்செய்யும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கூம்பிலிருந்து எழுந்த குரல்

1919ஆம் ஆண்டு செப்டம்பர் 19 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், கலிபோர்னியாவின் சான்டியேகோ நகர விளையாட்டரங்கில் உரையாற்றினார். கூடியிருந்தோர் ஏறத்தாழ 50,000 பேர். அதுவரை இத்தகைய பெருங்கூட்டத்தில் பேசுவோர் தம் தொண்டையையே நம்பியிருந்தனர். வில்சனோ கண்ணாடித் தடுப்புக்குள் நின்று பேசினார். தலைக்கு மேலிருந்த கூம்புகள் அக்குரலை அரங்கெங்கும் பரப்பின. அக்கருவியை உருவாக்கியோர் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்னும் இருவர். 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளிலேயே சான்பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் திரண்ட மக்களுக்கு அதனை அவர்கள் இயக்கிக் காட்டியிருந்தனர். இலத்தீன் மொழியில் 'பெருங்குரல்' எனப் பொருள்படும் 'மேக்னவாக்ஸ்' என்பது அவர்கள் சூட்டிய பெயர்.

மேடைப்பேச்சின் இயல்பையே இக்கருவி மாற்றியது எனலாம். உரக்கக் கூவவேண்டிய கட்டாயம் நீங்கியபின், மெல்லப் பேசவும் ஒரு சொல்லுக்குப்பின் நிறுத்தி அமைதியைப் பேசவிடவும் பேச்சாளரால் இயன்றது.

இன்றைய ஒலியமைப்பும் அடிப்படையில் அதே சங்கிலிதான். ஒலிவாங்கி, குரலை மின் அலையாக மாற்றுகிறது. பல ஒலிவாங்கிகளிலிருந்து வருவனவற்றை மிக்சர் எனப்படும் கலவைக் கருவி அளவாகச் சேர்க்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதற்கு ஆற்றலூட்டுகிறது. ஒலிபெருக்கி அதனை மீண்டும் காற்றின் அதிர்வாக்குகிறது. ஒரு கண்ணியில் நேர்ந்த பிழையை அடுத்த கண்ணியில் திருத்த முயல்வதாலேயே பல விழாக்களில் ஒலி கெடுகிறது.

உயிரின் வலிமை, மெய்யின் மென்மை

பட்டு, பத்து, பற்று என்னும் மூன்று சொற்களை எண்ணிப் பாருங்கள். மூன்றிலும் உயிரொலிகள் ஒன்றே. இடையில் நிற்கும் வல்லின மெய்யே பொருளை வேறுபடுத்துகிறது. பேச்சின் ஆற்றலில் பெரும்பகுதி 1000 ஹெர்ட்சுக்குக் கீழே உயிரொலிகளில் குவிந்துள்ளது. மெய்களை இனங்காட்டும் நுண்ணிய குறிப்புகளோ பெரிதும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகின்றன. இலக்கணம் வல்லினம் எனப் பெயரிட்டிருப்பினும், காற்றில் அது மெலிந்தே செல்கிறது.

ஆகவே தாழ்ந்த அதிர்வெண்களை மிகுவிக்கும் 'பாஸ்' குமிழைப் பெரிதும் திருப்பினால் உயிரொலி மேலும் பருத்து மெய்யொலியை விழுங்கிவிடும். குரல் கம்பீரமாகிவிட்டது என்று அமைப்பாளர் மகிழ்வார். கேட்போருக்கு முழக்கம் மட்டுமே எஞ்சும். திரைப்பாடலுக்கு ஏற்ற அமைப்பு சொற்பொழிவுக்கு ஏற்றதன்று. மிக்சரில் ஏறத்தாழ 80 அல்லது 100 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளவற்றை வடிக்கும் பொத்தான் இருப்பின், பேச்சுக்கான ஒலிவாங்கிகளில் அதனை இயக்கிவிடுதல் நன்று. காற்று மோதும் ஓசையும் மேடைப் பலகையில் நடக்கும் அதிர்வும் அதனாலேயே பெரிதும் குறையும்.

இடமே முதற்கருவி

திறந்தவெளியில் ஒலிமூலத்திலிருந்து தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி அளவு 6 டெசிபெல் குறைகிறது. பள்ளித் திடலில் ஒலிபெருக்கிக்கு 4 மீட்டர் தொலைவில் முதல்வரிசையும் 64 மீட்டர் தொலைவில் கடைசி வரிசையும் உள்ளன எனக் கொள்வோம். 4, 8, 16, 32, 64 என நான்கு முறை தொலைவு இரட்டிக்கிறது. 24 டெசிபெல் குறைந்துவிடுகிறது. முதல்வரிசையில் 100 டெசிபெல் இருந்தால் கடைசி வரிசையில் 76 மட்டுமே. அங்கே 10 டெசிபெல் கூட்ட விரும்பினால் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். முதல்வரிசையில் அமர்ந்த குழந்தைகளின் செவியில் அது 110 டெசிபெல்லாக இறங்கும். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்குமேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழில்நலத் துறையினர் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். 110 டெசிபெல்லுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது.

இதற்கான தீர்வு குமிழில் இல்லை. ஒலிபெருக்கிகளைத் தலைகளுக்கு மேலாக உயர்த்திச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால், முதல்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையிலுள்ள வேறுபாடு சுருங்கும். திடல் நீளமாயின் நடுவில் மற்றோர் இணையை நிறுத்தலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மின் அலை கம்பிவழி நொடிப்பொழுதில் சென்றுவிடும். காற்றுவழி வரும் ஒலியோ நம் ஊர் வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டரே செல்லும். 35 மீட்டர் தள்ளி நிறுத்திய இரண்டாம் இணை, மேடையின் ஒலியை நொடியில் பத்தில் ஒரு பங்கு முந்திவிடும். ஒரே சொல் இருமுறை கேட்கும். எனவே இரண்டாம் இணைக்கு 100 மில்லிநொடி தாமதம் கொடுக்கவேண்டும். அதன்மேல் 10 அல்லது 15 மில்லிநொடி கூட்டுதல் மேலும் நன்று. முதலில் வந்து சேரும் ஒலி எத்திசையிலிருந்து வருகிறதோ, அத்திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாக நம் செவி கொள்ளும். செருமானிய அறிஞர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் ஆய்வேட்டில் விளக்கிய உண்மை இது. அருகிலுள்ள பெட்டியே ஒலித்தாலும், மேடையில் நிற்பவரே பேசுவதாகப் பின்வரிசையினர் உணர்வர்.

ஊளையும் அதன் மருந்தும்

ஒலிபெருக்கியின் ஒலி ஒலிவாங்கிக்குள் மீண்டும் நுழைந்து, பெருக்கப்பட்டு, மீண்டும் நுழைந்து சுழலும்போது எழுவதே 'மைக் ஊளையிடுகிறது' என நாம் சொல்லும் ஓசை. இதனை ஆராய்ந்த டேனிய இயற்பியலர் சோரன் லார்சனின் பெயரால் இது லார்சன் விளைவு எனப்படுகிறது. ஒலிபெருக்கிகள் ஒலிவாங்கிக்கு முன்னே, அவையோரை நோக்கி நின்றால் சுழற்சி பெரிதும் அறுபடும். பேசுபவர் ஒலிவாங்கியை நெருங்குவதும் உதவும்: 20 செ.மீ. தொலைவை 10 ஆக்கினால் 6 டெசிபெல் செலவின்றிக் கிடைக்கிறது. ஒலிவாங்கியின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பாடகர்களின் பழக்கத்தை மட்டும் பின்பற்றவேண்டா. பின்புறத்து ஒலியைத் தவிர்க்கும் அதன் திறன் அதனால் அழிந்து, ஊளை விரைந்து வரும். திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை இரட்டிக்குந்தோறும் 3 டெசிபெல் இழப்பு நேரும். பயன்படுத்தாதவற்றை மூடிவைப்பவரே தேர்ந்த இயக்குநர்.

உள்ளீட்டு அளவை, பேசவிருப்பவரின் உண்மையான குரலைக் கொண்டே அமைக்கவேண்டும். மைக்கைத் தட்டுவதும் ஊதுவதும் எதையும் அறிவிப்பதில்லை, கருவியைக் கெடுப்பதுண்டு. உரத்துப் பேசும்போதும் மிக்சரின் சிவப்பு விளக்கு எரியாதிருக்கவேண்டும். பின்னர் மொத்த அளவை மெல்ல உயர்த்தினால், ஏதேனும் ஓர் அதிர்வெண்ணில் ஒலி இழுபடத் தொடங்கும். ஈக்வலைசரில் அவ்விடத்தைக் கண்டு 3 முதல் 6 டெசிபெல் குறைக்கவேண்டும். இவ்வாறு மூன்று நான்கு இடங்களுக்குமேல் வெட்டினால் குரல் தன் நிறத்தை இழக்கும். அந்நிலையில் ஒலிபெருக்கியை நகர்த்துவதே முறை. முடிவில் மொத்த அளவை 6 டெசிபெல் இறக்கி வைத்தால் விழா முழுவதும் அச்சமின்றி இயக்கலாம்.

மின்சாரமும் சட்டமும்

'ம்ம்' என்னும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால், அதனைப் போக்கப் பிளக்கின் நிலக்கம்பியைத் துண்டிப்போர் உளர். இது உயிரைப் பணயம் வைப்பதாகும். உலோக ஒலிவாங்கியை ஈரக்கையால் பற்றுபவர் மாணவராகவும் இருக்கலாம். மிக்சரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே மின்வழியில் இணைத்தாலே பெரும்பாலும் இரைச்சல் அடங்கும். இயக்கும்போது மிக்சரை முதலிலும் ஆம்ப்ளிஃபயரை இறுதியிலும், நிறுத்தும்போது இம்முறையை மாற்றியும் செய்தால் ஒலிபெருக்கிகள் அதிர்ச்சியிலிருந்து தப்பும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க உரிய அலுவலரின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் பயன்படுத்தலாகாது. திடலுக்கு வெளியே வீணாகும் ஒலி, தேர்வுக்குப் படிக்கும் ஒருவரின் அறைக்குள் நுழைகிறது என்பதை நினைத்தால் இவ்விதியின் தேவை விளங்கும்.

சோதனை

எல்லாம் அமைந்தபின் மேடையில் ஒருவர் பட்டு, பத்து, பற்று, கட்டு, கத்து, கற்று எனப் பத்துச் சொற்களை வரிசை மாற்றிப் படிக்கட்டும். மற்றொருவர் கடைசி வரிசையில் அமர்ந்து, கேட்டவாறே எழுதட்டும். தாளில் பிழையிருப்பின் தாழ்ந்த அதிர்வெண்களைச் சற்றுக் குறைத்து, ஒலிபெருக்கியின் சாய்வையும் பார்த்து, மீண்டும் படிக்கவேண்டும். வெற்று மண்டபத்தில் எதிரொலித்துக் குழம்பும் ஒலியை, நிறைந்த கூட்டத்தின் உடைகளும் உடல்களும் ஓரளவு உறிஞ்சிவிடும். ஆதலால் விழா தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்திற்குள் ஒலி இயக்குபவர் தம் இருக்கையை விட்டெழுந்து, கடைசி வரிசை வரை ஒருமுறை நடந்து வருவார்.