தாயின் உழைப்பை அளப்பது எப்படி?

பூமிக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள தொலைவைச் சில சென்டிமீட்டர் துல்லியத்துடன் இன்று அளந்து விடுகிறோம். ஆனால், பிள்ளை பெற்று இரண்டு வாரமே ஆன ஒரு தாய் நாளொன்றுக்கு எவ்வளவு உழைக்கிறாள் என்று கேட்டால், விடை கூறுவது அவ்வளவு எளிதன்று. ‘குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாள்’ என்று வீட்டில் சிலர் சொல்வதுண்டு. இது சரிதானா? இயற்பியலின் துணைகொண்டு பார்ப்போம்.

வேலையும் உழைப்பும்

விசையை, அவ்விசையின் திசையில் ஏற்படும் நகர்வால் பெருக்கினால் கிடைப்பது வேலை என்று பாடநூலில் படித்திருக்கிறோம். மூன்று கிலோ எடையுள்ள குழந்தையைத் தோளில் சாய்த்தபடி அசையாமல் நிற்கும் தாய், குழந்தையின் மீது செய்யும் வேலை சுழியே! குழந்தை நகரவில்லை அல்லவா? ஆயினும் அவள் கை கடுக்கிறது. ஏன்? சுவரில் அடித்த ஆணி எதையும் செலவிடாமல் சுமை தாங்கும். தசையால் அது முடியாது. இறுக்கம் தளராமல் இருக்கத் தசை இழைகள் ஓயாமல் ஆற்றலைச் செலவிடுகின்றன. அவ்வாற்றல் வெப்பமாக வெளிப்படுகிறது.

கையில் கட்டும் கருவி

உடல் அசைவை அளக்க ஆய்வாளர்கள் இன்று பெரிதும் பயன்படுத்துவது முடுக்கமானி. இதை மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ளலாம். இதனுள் சிலிக்கானால் ஆன நுண்ணிய எடை ஒன்று மெல்லிய வில்களால் தாங்கப்பட்டுள்ளது. பேருந்து திடீரெனப் புறப்படும்போது நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? அதுபோலவே உடல் அசையும்போது இந்த எடையும் நிலைமத்தால் சற்றுப் பின்தங்கும். எடைக்கும் அருகிலுள்ள தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மாறுவதால் மின்தேக்குதிறன் மாறும். அதிலிருந்து முடுக்கம் கணக்கிடப்படுகிறது.

ஆனால், தாய் உட்கார்ந்தபடி தூளியை ஆட்டினால் மணிக்கட்டில் உள்ள கருவி அதை நடை என்று எண்ணிவிடக்கூடும். குழந்தையை இரு கைகளாலும் அணைத்தபடி நடந்தாலோ கை வீச்சு இல்லாததால் அடிகள் விட்டுப்போகும். தாய்ப்பால் சுரக்கத் தேவைப்படும் கூடுதல் ஆற்றல் நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோ கலோரி. 55 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டரை மணி நேரத்திற்கு மேல் மிதமாக நடந்தால்தான் இவ்வளவு செலவாகும். முடுக்கமானி இதில் ஒரு சிறு பகுதியைக்கூடக் காட்டாது.

நீரால் ஓர் அளவுகோல்

இக்குறையைப் போக்க ஓர் அழகிய முறை உண்டு. டியூட்டீரியம், ஆக்சிஜன்-18 ஆகிய கனமான ஐசோடோப்புகள் அடங்கிய நீரைச் சிறிதளவு குடிக்கச் செய்வார்கள். இவை கதிரியக்கம் அற்றவை. டியூட்டீரியம் நீராக மட்டுமே உடலை விட்டு நீங்கும். ஆக்சிஜன்-18 நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீங்கும். சிறுநீரைச் சோதித்து, இரண்டும் குறையும் வேகங்களின் வேறுபாட்டைக் கண்டால், வெளியேறிய கார்பன் டை ஆக்சைடின் அளவு தெரியும். அதிலிருந்து செலவான ஆற்றலும் தெரியும். அமெரிக்காவின் மினசோட்டாவில் நாதன் லிஃப்சன் குழுவினர் 1950-களில் விலங்குகளுக்காக உருவாக்கிய இம்முறை, 1982-இல் மனிதரின் ஆற்றல் செலவை அளக்கப் பயன்பட்டது. எனினும் செலவு அதிகம். மேலும், இது பல நாட்களின் மொத்தத்தைத்தான் தரும். எந்த நேரத்தில் எவ்வளவு என்று சொல்லாது.

உடல் தேறியதா?

உழைப்பை அளப்பது வேறு. உடல் தேறியதை அறிவது வேறு. பிரசவம் முடிந்தவுடன் சுமார் ஒரு கிலோ இருக்கும் கருப்பை, ஆறு வாரங்களில் 100 கிராமுக்கும் கீழே சுருங்குகிறது. இதை எந்தக் கைக்கருவியும் காணாது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, ஓய்வில் நாடித்துடிப்பு எவ்வளவு என்பன பயனுள்ள அளவுகளே. ஆனால், இரத்தசோகை உள்ள தாய்க்குச் சிறு நடைக்கே நாடி விரையும். ஆகவே, பல அளவுகளைச் சேர்த்துப் பார்ப்பதோடு தூக்கம், வலி, களைப்பு பற்றித் தாயையே கேட்டறியவும் வேண்டும்.

மருத்துவத் தடை இல்லாத தாய்மார் வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. இந்த அளவைச் சிறிது சிறிதாகவே எட்ட வேண்டும். அறுவைப் பிரசவம் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். மிகுந்த இரத்தப்போக்கு, காய்ச்சல், கடுந்தலைவலி, மூச்சுத்திணறல், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், கருவி என்ன எண்ணைக் காட்டினாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அடிகள் குறைவாகப் பதிவானால் அந்தத் தாய் சோம்பியிருந்தாள் என்பது பொருளன்று. அவள் குழந்தையை ஏந்தி நின்றிருக்கலாம், பாலூட்டியிருக்கலாம். ‘சும்மா உட்கார்ந்திருக்கிறாள்’ என்று இனி யாரேனும் கூறினால், நாம் இதை எடுத்துச் சொல்லலாம்.