கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும் நாய்

கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலிலிருந்து கரையிறங்கியவர்களை 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவரான றொபேட் நொக்ஸ் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கைதியாக இருந்து, தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வேடர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கும்போது அவர்கள் சீதனமாக வேட்டைநாய் கொடுப்பதாக அதில் எழுதியிருக்கிறார். நல்ல நாய் ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்த காலம் அது.

அந்தக் குடாவை ஒட்டியதுதான் சம்பூர். அங்கிருந்து இளக்கந்தை, நல்லூர், பாட்டாளிபுரம் பக்கம் போனால் தமிழ் பேசும் கரையோர வேடர்களின் குடியிருப்புகள் வரும். தேன், விறகு, மீன், சேனைப் பயிர் என்று காட்டையும் கடலையும் நம்பிய பிழைப்பு. பன்றி பயிருக்குள் இறங்கினால் முதலில் குரைப்பதும், காட்டுக்குள் போகிற ஆளுக்கு முன்னால் ஓடி மோப்பம் பிடிப்பதும் ஊர்நாய்தான். நாயை உள்ளே அனுப்புவது சுலபம். கூப்பிட்டதும் அது திரும்பி வருவதில்தான் அதன் உயிரே இருக்கிறது.

காரணம் இந்த மண்ணின் அண்மைக் கதை. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குத் தப்பி வெளியேறிய சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் பல ஆண்டுகள் கிடந்தார்கள். காணிகள் உயர்பாதுகாப்பு வலயமாகின. அனல்மின் நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் என்று எடுக்கப்பட்டன. 2015இலும் 2016இலும் கட்டம் கட்டமாகத் திரும்பி வந்தவர்களை வரவேற்றது பற்றைக்காடு. கண்ணிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் நீண்டது. 2025 ஜூலையில் சம்பூர்க் கடற்கரையோரம் அந்த வேலை நடந்தபோதுதான் மனித எலும்புகள் வெளிப்பட்டு, விடயம் நீதிமன்றம் வரை போனது.

கண்ணிவெடி இல்லாத காட்டிலும் நாய்க்கு ஆபத்து உண்டு. பன்றிக்குக் கட்டும் கம்பிக் கண்ணி, களவாக இழுத்த மின்வேலி, கட்டுத்துவக்கு. எல்லாவற்றிலும் கொடியது, ஹக்கபட்டாஸ் என்று சிங்களத்தில் சொல்லப்படும் வாய்வெடி. பழத்துக்குள்ளோ கருவாட்டுக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து வைத்துவிடுவார்கள்; பன்றி கடித்ததும் தாடை சிதறும். அதே இரையைக் கடித்த யானைகள் வாய் கிழிந்து, தின்ன முடியாமல், நாட்கணக்கில் துடித்துச் செத்திருக்கின்றன. மோப்பத்தின் பின்னால் ஓடும் நாய் அதைத் தாண்டிப் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

உடும்பின் தடம் மூக்கில் ஏறிய நாயைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வால் விறைக்கும், தலை தாழும், மூச்சு குறுகலாக இழுபடும். பத்தடி தூரத்தில் நின்று பெயரைச் சொல்லிக் கத்தினாலும் காது அசையாது. இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, திரும்பி வந்த நாயை அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துரத்துவது நாய்க்குத் தன்னளவிலேயே பெரிய இன்பம். வீட்டு முற்றத்தில் பழக்கிய 'வா' அதற்கு முன்னால் நிற்காது. திரும்பி வந்ததற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை இன்னும் தாமதமாக வரும். சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. உடும்பு, மான், மரை எல்லாம் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கும் விலங்குகள். பன்றியை விரட்டப் போன நாய் உடும்பின் பின்னால் திரும்பினால், அந்த இடத்திலேயே அதை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குத்தான் அமெரிக்க வேட்டைக்காரர்கள் மின்பட்டியைக் கொண்டுவந்தார்கள். அரிசோனாவின் டூசான் நகரத்து ட்ரை-ட்ரொனிக்ஸ் 1960களின் பிற்பகுதியிலிருந்து வேட்டைநாய்களுக்கென்றே இதைச் செய்துவந்தது. 2011இல் கார்மின் நிறுவனம் அதை வாங்கியது. ஆள் கையில் ஒரு ரிமோட், நாயின் கழுத்தில் ஒரு பெட்டி. பெட்டியின் உட்புறத்தில் இரண்டு உலோக முனைகள் தோலைத் தொட்டபடி இருக்கும். பொத்தானை அழுத்தினால் அவற்றுக்கிடையே சிறு மின் துடிப்பு பாயும். ஆரம்பகாலப் பட்டிகள் பலவற்றில் அதிர்ச்சியைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்கவில்லை. நாய் அலறித் துள்ளும். இன்றைய டொக்ட்ரா நிறுவன மாடல்கள் சிலவற்றில் 127 படிகள் உண்டு. பீப் ஒலியும் அதிர்வும் தனியாக உண்டு. இணையத்தில் மலிவாக விற்கும் பெயர் தெரியாத பட்டிகளில் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையிலேயே பெரிய பாய்ச்சல் இருக்கலாம். வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பிவைத்தாலும் அப்படியொன்றை நாயின் கழுத்தில் மாட்டக் கூடாது.

பட்டி வேலை செய்யுமா? ஆய்வுகளைப் படித்தால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஜெர்மனியின் ஹனோவர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 14 பீகிள் நாய்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் போலி இரையைத் தொட்ட கணத்தில் மட்டும் அதிர்ச்சி. இரண்டாவதற்கு, வேட்டையின் நடுவே கூப்பிட்டும் வராதபோது. மூன்றாவதற்குக் காரணமே இல்லாமல், எப்போது வேண்டுமானாலும். எச்சிலில் கோர்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோனை அளந்தார்கள். முதல் பிரிவில் அது சொல்லத்தக்க அளவு ஏறவில்லை. மூன்றாவதில் மிக அதிகமாக ஏறியது. கூப்பிட்டும் வராததற்கு அதிர்ச்சி வாங்கிய இரண்டாம் பிரிவு அதற்கு அடுத்த இடத்தில் நின்றது. எதைச் செய்ததால் வலிக்கிறது என்று புரிந்த நாய் தாங்கிக்கொண்டது, புரியாத நாய் உள்ளுக்குள் நொறுங்கியது.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்டது நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. கூப்பிட்டால் வராத, எதையாவது துரத்தும் நாய்கள் 63ஐ எடுத்து, சிலவற்றைப் பட்டித் தயாரிப்பாளர்கள் பரிந்துரைத்த பயிற்றுநர்களிடமும் சிலவற்றைத் தீனியும் பாராட்டும் மட்டும் கொடுத்துப் பழக்குபவர்களிடமும் விட்டார்கள். முதல் அழைப்பிலேயே திரும்பியதில் தீனிக் கூட்டமே முன்னால் நின்றது. ஆனால் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்ட சோதனையில் விரைந்தோடும் போலி இரையைத் துரத்தும் நாய்களை நிறுத்தப் பார்த்தபோது, பட்டி போட்டவை சில அமர்வுகளிலேயே நின்றன. தீனி மட்டும் வாங்கியவை அந்த அவகாசத்துக்குள் நிற்கவில்லை. பட்டி போட்டவை வலியில் கத்தவும் செய்தன என்பதை அந்த ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒன்று பிடிபடுகிறது. 'அதை விடு' என்பதை மின்சாரம் கற்றுக்கொடுக்கும். 'என்னிடம் வா' என்பதைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் ஆள்தான். நியூசிலாந்துக்காரர்கள் இந்த வித்தியாசத்தை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே பன்றி வேட்டை நாய்கள் பறக்கத் தெரியாத கிவிப் பறவையைக் கடித்துக் கொன்றுவிடுவதுண்டு. அதனால் கிவி வாழும் அரச காடுகளுக்குள் நாயைக் கொண்டுபோகிறவர், அது கிவியைத் தவிர்க்கப் பழகியது என்ற சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கிவியின் வாசமோ உடலோ வைத்த இடத்தை நாய் மோந்த கணத்தில் பட்டியை அழுத்துவார்கள். எது வலித்தது என்பது நாய்க்குத் தெளிவாகத் தெரியும். சம்பூர்ப் பக்கத்தில் உடும்பைத் தொடாதே என்று ஒரு நாய்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் இதைவிடத் தெளிவான வழி இருப்பதாகத் தெரியவில்லை.

திரும்பி வரப் பழக்குவது வேறு வேலை. அது கயிற்றில் தொடங்குகிறது. முப்பது அடி நைலோன் கயிறு, வெறும் கடற்கரை மணல், பசித்த நாய். அன்றைய சாப்பாட்டை மூன்று நான்கு பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் கூப்பிட்டு வந்த பிறகே கொடுக்க வேண்டும். அவித்த மீன் நல்லது. கருவாடு வேண்டாம்: வாய்வெடியின் வாசத்துக்கு நாமே ஆசை மூட்டுவதாகிவிடும். குரலைவிட சீழ்க்கை மேல். கோபத்திலும் பதற்றத்திலும் அது மாறாது. சீழ்க்கையை ஒரு தடவைதான் அடிக்க வேண்டும். வராவிட்டால் கயிற்றை மெல்ல இழுத்துக் கொண்டுவர வேண்டும். வந்ததும் தீனி கொடுத்து, உடனே திரும்ப ஓட விட வேண்டும். கூப்பிட்டதெல்லாம் கட்டிப்போடத்தான் என்று நாய் நினைத்துவிட்டால் பழக்கமே பாழாகிவிடும்.

கோழிக்கும் ஆட்டுக்கும் நடுவிலிருந்து கயிறு இறுகாமலே நாய் திரும்பும் நிலைக்கு வந்த பிறகுதான் பட்டியைப் பற்றி யோசிக்கலாம். அதையும் முதல் சில நாள் அணைத்து வைத்தே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தில் அது இருக்கும்போது மட்டும் பணியும் நாயாகிவிடும். காதுக்குக் கீழே, கழுத்தின் மேற்பகுதியில், ஒரு விரல் மட்டும் நுழையும் இறுக்கத்தில் இருக்க வேண்டும். பிறகு நாய் சும்மா நிற்கும்போது மிகத் தாழ்ந்த படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒரு படியில் காது லேசாகத் துடிக்கும், அல்லது கழுத்தில் ஈ உட்கார்ந்ததுபோல் தலையைத் திருப்பும். அதற்கு மேல் போகக் கூடாது. கத்தினால் படி கூடிவிட்டது. சீழ்க்கை அடித்து, அந்தத் தாழ்ந்த படியில் அழுத்தி, நாய் உங்கள் பக்கம் திரும்பிய கணத்தில் விரலை எடுத்துவிட வேண்டும். வந்து சேரும் வரை அழுத்திக்கொண்டிருப்பவர் நாய்க்கு எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. கயிறு அப்போதும் கழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போனால் தொல்லை நிற்கும் என்று காட்டுவது அதுதான்.

நாய் கண்ணுக்குத் தெரியாதபோது பொத்தானைத் தொடவே கூடாது. பற்றைக்குள் அது அந்த நொடியில் பார்ப்பது விறகு பொறுக்கும் பெண்ணாக இருக்கலாம், யானையாக இருக்கலாம். கழுத்தில் சுள்ளென்று பட்டதும், வலித்தது கண்முன் இருப்பதால்தான் என்று நாய் முடிவுகட்டும். அடுத்த முறை அந்தப் பெண்ணைக் கடிக்கலாம். யானையைக் கண்டு வெருண்டு நேராக உங்கள் காலடிக்கு ஓடிவந்து, பின்னாலேயே யானையையும் கூட்டிவரலாம்.

ஜெர்மனியில் 2006இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் இந்தப் பட்டிகளின் பயன்பாடு விலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. வேல்ஸ் 2010இல் தடைசெய்தது. இலங்கையில் மிருகவதைக்கு எதிராக இன்னும் கையில் இருப்பது 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்; அது விதிக்கும் அதிகபட்சத் தண்டப்பணம் 100 ரூபாய். புதிய விலங்கு நலச் சட்டமூலம் பல ஆண்டுகளாக இழுபட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே பட்டியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், எந்தப் படியில் வேண்டுமானாலும் அழுத்தலாம். பொறுப்பு முழுவதும் ரிமோட் வைத்திருக்கும் கையில்.

ஆட்டுமந்தைக்கும் கோழிக்கும் அசையாத நாயைக் கடைசியாகப் பன்றி கிண்டிய ஈர மண்ணில் சோதிக்க வேண்டும், கயிற்றோடு, காலை வேளையில், தடம் புதிதாக இருக்கும்போது. மூக்கைத் தரையில் வைத்த நாய் ஒரே சீழ்க்கைக்குத் தலையைத் தூக்கித் திரும்பாவிட்டால், பட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கயிற்றை இன்னும் அவிழ்க்கக் கூடாது.