சம்பளம் மட்டும் போதுமா?

காலையில் கிளம்பி இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் பொறியாளர்களும் கணக்காளர்களும் நம் குடும்பங்களில் உண்டு. "நல்ல சம்பளம்தானே, பிறகென்ன சலிப்பு?" என்று கேட்டுவிடுகிறோம்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் தம் குழுவினருடன் இதே இரு துறையினரில் சுமார் 200 பேரிடம் பேசி, 1959-ல் முடிவுகளை நூலாக வெளியிட்டார். சம்பளமும் பணிச்சூழலும் சரியில்லாவிட்டால் அதிருப்தி வரும். ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே மனநிறைவு வந்துவிடாது. ஒரு காரியத்தைச் செய்து முடித்த திருப்தி, அதற்குக் கிடைக்கும் பாராட்டு, நம்பி ஒப்படைக்கப்படும் பொறுப்பு ஆகியவையே ஊக்கம் தருகின்றன என்றார்.

எனவே, களைத்து வருபவரிடம் சம்பள உயர்வைப் பற்றி மட்டும் விசாரிக்காமல், "இன்றைக்கு எந்த வேலை நல்லபடியா முடிஞ்சது?" என்றும் கேட்போம். அவர் சொல்வதைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்டு, மனம்விட்டுப் பாராட்டுவோம்.