கவாத்து முடிந்த பிறகு

பிற பணிகளில் இருப்போர் பதவி உயர்வை எதிர்நோக்கும் வயதில் ராணுவச் சிப்பாய் ஓய்வு பெற்றுவிடுகிறார். 15 ஆண்டு பணியாற்றினால் ஓய்வூதியம் உண்டு. பலர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஊர் திரும்புகின்றனர். குமரி மாவட்டத்துக்குப் படைப்பணி பழைய மரபு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் காலாட்படைகள் விடுதலைக்குப் பின் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்களாயின.

ஊர் திரும்பியவர் இழப்பது என்ன? வருமானத்தை ஓய்வூதியம் ஓரளவு ஈடுசெய்கிறது. ஆனால், விடியற்காலையில் நூறு பேருடன் எழுந்து, ஓடி, கவாத்து பழகி, ஒன்றாக உண்ட வாழ்க்கை ஒரே நாளில் நின்றுவிடுகிறது. சாப்பாட்டின் அளவு மட்டும் குறைவதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பின்தொடர்கின்றன. இவற்றைவிடப் பேசப்படாதது தனிமை. மிலிட்டரி கேன்டீனில் சலுகை விலையில் கிடைக்கும் மதுவே சிலருக்கு மாலைத் துணையாகிவிடுகிறது. மனம் சரியில்லை என்று மருத்துவரிடம் சொல்வது வீரத்துக்கு இழுக்கு என எண்ணுவோரும் உண்டு.

சேர்ந்து செய்யும் பயிற்சி இங்குதான் வேறுபடுகிறது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் துடுப்புப் படகு வீரர்களைத் தனியாகவும் குழுவாகவும் கருவியில் பயிற்சி செய்யவைத்தனர். உழைப்பு ஒன்றுதான், ஆயினும் குழுவாகச் செய்தபோது வலி தாங்கும் திறன் கூடுதலாக உயர்ந்தது. உடலில் எண்டார்பின் அதிகம் சுரப்பதே காரணம் என்பது அவர்கள் கருத்து. கவாத்து பழகிய எவருக்கும் இது புதிய செய்தியன்று.

நம் அண்டை மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டியில் துணை ராணுவப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் 2012-இல் தொடங்கிய 'மெக் 7' கூட்டுப் பயிற்சி, இன்று மலபார் முழுவதும் பரவியுள்ளது. 21 பயிற்சிகள், 21 நிமிடங்கள், கட்டணம் கிடையாது. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 21-ஐ ஏழால் பெருக்கினால் 147. மூன்று நிமிடம் நடந்தே வீடு சேரலாம்!

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு வியப்பளிப்பது இதன் செலவுக் கணக்கு. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம் 2003 முதல் நடைமுறையில் உள்ளது, அவசியமான திட்டம்தான். ஆனால், அதன் செலவில் பெரும்பகுதி நோய் வந்த பின் ஆவது. கூட்டுப் பயிற்சிக்கு வேண்டியவை ஒரு மைதானம், நான்கு விளக்கு, ஒரு கழிப்பறை. பயிற்றுநரைத் தேட வேண்டியதில்லை. உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஹவில்தார்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். வராதவரை 'ஏன் வரவில்லை' என்று கேட்க நான்கு பேர் இருப்பது எந்த உடற்பயிற்சிக் கூடச் சந்தாவிலும் கிடைக்காதது.

நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் கல்வித் துறையும் பேசி, அரசுப் பள்ளி மைதானங்களைக் காலை ஏழு மணி வரை திறந்துவிடலாம். இதய நோயாளிகளும் மூட்டுவலி உள்ளோரும் மருத்துவரைக் கேட்டே சேர வேண்டும். வங்கி, ஏ.டி.எம். காவல் பணியில் இரவு விழித்திருப்போர் காலையில் வர இயலாது. அவர்களுக்காக மாலையிலும் ஒரு வரிசை நிற்க வேண்டும்.